மாதிரிக் கல்லும் மூன்று இன்னிங்ஸும்

புதிதாக வரவிருக்கும் பேஸ்பால் வீடியோ விளையாட்டு ஒன்றின் டெமோவை எதைக்கொண்டு மதிப்பிடுவது? மைதானத்துப் புல்லின் நிறம், ஆட்டக்காரர்களின் முக ஒற்றுமை, கூட்டத்தின் இரைச்சல், மட்டையில் பந்து படும் ஓசை என்று பலவற்றைச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக முதல் ஹோம் ரன்னைச் சொல்வார்கள். பந்து வேலியைத் தாண்டிய அந்த நொடியில் பிறக்கும் மகிழ்ச்சியே பெரும்பாலான முதல் மதிப்பீடுகளுக்கு முதலாகவும் முடிவாகவும் அமைந்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் வாதம். ஒரு டெமோ நமக்கு வெற்றியை எப்படித் தருகிறது என்பதிலிருந்து அந்த விளையாட்டைப் பற்றி மிகக் குறைவாகவே தெரிந்துகொள்ள முடியும். நம்மை எப்படித் தோற்கடிக்கிறது என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். எல்லா விளையாட்டுக்கும் இது ஓரளவு பொருந்தும். பேஸ்பாலுக்கு முழுமையாகப் பொருந்தும்.

ஏனென்றால் பேஸ்பால் தோல்விகளின் மேல் எழுப்பப்பட்ட ஆட்டம். அமெரிக்க மேஜர் லீக்கில் .300 சராசரி வைத்திருப்பவர் நட்சத்திர பேட்டர். பத்து முறை மட்டையேந்தினால் ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறவர் என்பதே அந்த எண்ணின் பொருள். 2024இல் லீக் முழுமைக்குமான சராசரி .243, நான்கில் மூன்று முறைக்கும் மேலாக எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 எடுத்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு முழுப் பருவத்தில் .400ஐத் தொட்டவர் இல்லை. அணிகளின் கதையும் இதுதான். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள்; நூறு ஆட்டம் வென்ற அணியைக் கொண்டாடுகிறார்கள், அந்த அணியும் 62 முறை தோற்றிருக்கிறது. இந்த ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறவர் படைக்க வேண்டியது முதலில் தோல்வியைத்தான். தோற்றவன் கோபித்துக்கொண்டு கருவியை அணைத்துவிடாமல், அடுத்த பந்தில் வேறு ஒன்றை முயன்று பார்க்கலாம் என்று நினைக்கும்படியான தோல்வியை அவர் செய்தாக வேண்டும்.

டெமோவின் அளவைக் கணக்கில் எடுத்தால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. மூன்று இன்னிங்ஸ் கொண்ட ஒரு டெமோவை எடுத்துக்கொள்வோம். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக ஒன்பது அவுட். வரிசையில் ஒன்பது பேட்டர்கள். ஒவ்வொருவரும் ஒரு முறை வந்து போவதற்குள் கிட்டத்தட்ட ஆட்டம் முடிந்துவிடும். ஒரே ஒரு வாய்ப்பில் ஒருவருடைய சராசரி பூஜ்யமாக இருக்கும், இல்லையென்றால் ஒன்றாக இருக்கும். இடைப்பட்ட எண் எதற்கும் இடமே இல்லை. முழு ஆட்டம் ஆடினாலும் நிலைமை பெரிதாகத் தேறுவதில்லை. .300 அடிக்கும் நட்சத்திரம் ஓர் ஆட்டத்தில் நான்கு முறை மட்டையேந்தி ஒரு முறைகூட வெற்றி காணாமல் போவதற்கான வாய்ப்பு 24 விழுக்காடு. .200 மட்டுமே அடிக்கும் தடுமாற்றக்காரர் அதே நான்கு முறையில் இரண்டோ அதற்கு மேலோ வெற்றி பெறுவதற்கான வாய்ப்பு 18 விழுக்காடு. ஒரு மாலையில் பார்த்தால் யார் நட்சத்திரம், யார் தடுமாற்றக்காரர் என்று பிரித்தறிய முடியாது. நிஜ ஆட்டத்திலேயே இப்படி என்றால், அதன் நிழலை மூன்று இன்னிங்ஸில் பார்த்துவிட்டு 'ஆட்டக்காரர்களின் திறமை அப்படியே வந்திருக்கிறது' என்று எழுதுவதற்கு அடிப்படை என்ன இருக்க முடியும்?

மாதிரியைப் பார்த்து முழுமையை விலை பேசுவதன் விளைவை நீலகிரியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் தேவாலா மிக நன்றாக அறியும். இன்று அது பந்தலூர் வட்டத்தில், கூடலூரிலிருந்து கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போகும் வழியில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஊர். தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டு மழைப் பட்டியலின் உச்சியில் அடிக்கடி வரும் பெயர். 1879இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அது தங்கத்தின் பெயராக இருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தப் பகுதி மக்கள் ஓடைமணலை அலசிப் பொன் எடுத்துவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த ராபர்ட் பிரவ் ஸ்மித்தை அரசு வரவழைத்தது. தென்கிழக்கு வயநாட்டுத் தங்கத்தைப் பற்றிய அவருடைய அறிக்கை 1880இல் வெளிவந்தது. காபித் தோட்டங்கள் நோயில் நலிந்து, விற்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. காபி நிலம் தங்க நிலமாகக் கைமாறியது. லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பதிவானது, பங்குகள் பறந்தன, தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் இயந்திரங்கள் மலையேறின. கல்லை அரைத்துப் பார்த்தபோது வந்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. 1880கள் பாதி தாண்டுவதற்குள் ஆரவாரம் அடங்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மாதிரிக் கற்களில் தங்கம் இருந்தது. அவற்றைச் சோதித்துச் சொன்ன எண்ணிலும் பொய் இல்லை. ஆனால் நிலத்துக்கு வெளியே தெரியும் குவார்ட்ஸ் பாறையில், காலங்காலமாக மழையும் காற்றும் மற்றவற்றை அரித்தெடுத்துப் போன பிறகு, தங்கம் உதிரியாகவும் செறிவாகவும் நிற்கும். ஆழத்துக்குப் போகப் போக அது கந்தகக் கனிமங்களுக்குள் சிக்கிக் கிடக்கும். அன்றைய பாதரச முறையால் அதைப் பிரித்தெடுப்பது கடினம். மேற்பரப்பே மிக அழகான பகுதி, கைக்கு எட்டுவதும் அதுவே, எனவே மாதிரியாகப் போவதும் அதுவே. டெமோவுக்கான பகுதியைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனமும் இதையே செய்கிறது. தன்னிடம் இருப்பதில் புகழ்பெற்ற இரண்டு அணிகள், மெருகேற்றி முடிந்த ஒரு மைதானம், எறிபவரின் கை சற்றுத் தளர்ந்திருக்கும் எளிய நிலை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த கை விற்பவருடையது என்பதைப் பார்ப்பவர் மறக்கக் கூடாது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். தேவாலாவைச் சொல்கிறவர் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலையும் சொல்ல வேண்டாமா? அதே ஆண்டுகளில், ஏறத்தாழ அதே வகைப் பங்குச்சந்தை வெறியில், கோலாரிலும் கம்பெனிகள் இறங்கின. முதல் சில ஆண்டுகள் அங்கேயும் பணம் கரைந்ததுதான் மிச்சம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் விடாமல் தோண்டியதில், 1880களின் நடுவில் சாம்பியன் ரீஃப் என்ற வளமான கற்படுகை கிடைத்தது. அதன் பிறகு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கி, 2001இல் மூடப்படும் வரை நூறாண்டுக்கு மேல் அந்தச் சுரங்கம் வாழ்ந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குள் உழைத்தார்கள். முதல் பார்வை கெட்டதாக இருந்த இடம் பொன்னாக முடிந்திருக்கிறது என்றால், தோல்வியைப் பார்த்து மதிப்பிடச் சொல்லும் வாதம் கோலாரை இழந்திருக்காதா என்று கேட்கலாம். இழந்திருக்காது. கோலாரில் தொடர்ந்து தோண்டச் சொன்னவர்கள் தோல்வியைக் கண்டு ஓடவில்லை, அதைப் படித்தார்கள். பாறை எந்தப் பக்கம் சரிகிறது, பழங்காலத்தவர் எங்கே தோண்டி எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தோல்வியில் செய்தி இருந்தது. நான் கேட்பதும் அதுவே. டெமோவில் தோற்றோமா என்பது பொருட்டே இல்லை. அந்தத் தோல்வியில் படிப்பதற்கு ஏதாவது இருந்ததா என்பதுதான் கேள்வி.

படிப்பதற்கு என்ன இருக்க முடியும் என்பதை எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே நடப்பதிலிருந்து பார்க்கலாம். பேஸ்பாலில் எறியும் மேட்டிலிருந்து அடிக்கும் தட்டுவரை 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் கையை விட்ட பந்து தட்டை அடைய ஆகும் நேரம் ஏறத்தாழ 0.4 வினாடி. திரை ஒரு வினாடிக்கு 60 படம் காட்டினால், அந்தப் பந்தின் முழு வாழ்க்கையும் 24 படங்கள். 30 படம் மட்டுமே காட்டக்கூடிய விலை குறைந்த போனில் 12 படங்கள். தொலைக்காட்சியோ போனோ விரல் தொட்டதற்கும் திரை அசைவதற்கும் நடுவே 100 மில்லிசெகண்ட் தாமதித்தால், பந்து பறக்கும் நேரத்தில் கால் பங்கு போய்விட்டது. 'லேக் ஆகுது' என்று பையன்கள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். கைக்கும் திரைக்கும் நடுவே உள்ள இந்த உறவைப் பத்து நிமிட டெமோ தயக்கமில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். முதல் பார்வையை முழுவதும் நம்பக்கூடிய இடம் இது ஒன்றே என்பேன். அதுகூடத் தோற்கும்போதுதான் தெரிகிறது. எளிய நிலையில் எப்போது வீசினாலும் மட்டையில் பந்து படுமென்றால் தாமதம் வெளியே தெரியாது. கடினமான நிலையில், சரியான நேரத்தில் வீசியதாக உடம்புக்குத் தெரிந்தும் பந்து மட்டையைத் தாண்டிப் போகும்போதுதான் குறை விரலிலா கருவியிலா என்ற கேள்வி எழுகிறது.

நல்ல பேஸ்பால் விளையாட்டுகள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்படி உருவாக்கப்பட்டிருக்கின்றன. இஏ நிறுவனத்தின் எம்விபி பேஸ்பால் 2005ஐ இருபது ஆண்டு கழித்தும் மக்கள் பிரியத்தோடு நினைவுகூர்வதற்கு ஒரு காரணம், எறிபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் கணத்தில் அது என்ன வகைப் பந்து என்பதை நிறத்தால் உணர்த்திய அதன் ஏற்பாடு. நிஜ பேட்டர் பந்தின் தையல் சுழலும் விதத்தைப் பார்த்து ஊகிப்பதைத் திரைக்குள் நியாயமாகக் கொண்டுவர அவர்கள் கண்ட வழி அது. தோற்றால், நிறத்தைப் பார்த்தும் ஏமாந்தேன் என்று தெரியும். சோனியின் சான் டியேகோ ஸ்டுடியோ 2006 முதல் ஆண்டுதோறும் தரும் எம்எல்பி தி ஷோ தொடரில், ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு முந்திவிட்டாயா பிந்திவிட்டாயா, மட்டையின் மையத்தை எங்கே வைத்திருந்தாய் என்று காட்டும் வசதி இருக்கிறது. 2021இல் எக்ஸ்பாக்ஸுக்கும் அந்தத் தொடர் போனபோது புதிதாக வந்தவர்கள் தாக்குப்பிடித்ததற்கு, தொடக்கநிலையிலிருந்து படிப்படியாக ஏறும் அதன் கடின நிலைகள் அளவுக்கு இந்தச் சிறு தகவலும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். டெமோவில் தேட வேண்டியது இதையே. ஸ்ட்ரைக் அவுட் ஆன பிறகு திரை என்ன சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை என்றால், பளபளக்கும் புல்லைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தமிழ் வாசகர் தனக்கென்று ஒரு மறுப்பை வைத்திருப்பார். நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பேஸ்பால் நமக்கு அந்நியம். அந்நிய ஆட்டத்தில் தோற்பது இயல்பு. அந்தத் தோல்வியிலிருந்து விளையாட்டின் தரத்தை எப்படிப் பிரித்தெடுப்பது? இது வலுவான மறுப்பு, ஏனென்றால் இரண்டு ஆட்டங்களும் தோல்வியை வேறுவேறு விதமாக எண்ணுகின்றன. கிரிக்கெட்டில் அவுட் என்றால் அந்த இன்னிங்ஸில் கதை முடிந்தது. எனவே தடுத்து ஆடுவதில் ஒரு மதிப்பு உண்டு, அடிக்காத பந்துக்கும் பொருள் உண்டு. பேஸ்பாலில் அதே மனிதர் அதே ஆட்டத்தில் நான்கு முறை திரும்பி வருகிறார். கிரிக்கெட் பந்து பெரும்பாலும் தரையில் குத்தி எழுகிறது. பல கிரிக்கெட் விளையாட்டுகள் பந்து விழப்போகும் இடத்தைப் புள்ளியிட்டு முன்கூட்டியே காட்டிவிடுகின்றன. பேஸ்பாலில் குத்தலும் இல்லை, புள்ளிக்கான நேரமும் இல்லை. கிரிக்கெட்டில் சுற்றிலும் எந்தத் திசையிலும் ஓட்டம் எடுக்கலாம். இங்கே தொண்ணூறு பாகைக் கோணத்துக்கு வெளியே போன பந்து செல்லாது. இந்தப் பழக்கங்களோடு போகிறவர் முதல் அரை மணி நேரம் தன் பழக்கத்தைத்தான் அளக்கிறார், விளையாட்டை அளப்பதில்லை. சரி. ஆனால் இதனாலேயே அவருடைய சாட்சியம் பயனுள்ளதும் ஆகிறது. அமெரிக்கச் சிறுவனுக்குச் சொல்லாமலே தெரிந்தவற்றை விளையாட்டு நமக்குச் சொல்லித் தோற்கடிக்கிறதா, சொல்லாமல் தோற்கடிக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கத் தேவாலாவில் போனை வைத்திருப்பவரைவிடத் தகுதியானவர் இல்லை. அறியாதவனையும் தோல்வியின் வழியாக உள்ளே அழைத்துக்கொள்ளத் தெரிந்த விளையாட்டு, அறிந்தவனுக்கும் ஒருநாளும் சலிக்காது.

நம் பக்கத்து அனுபவமும் இதற்குத் துணைநிற்கிறது. 2006இன் இறுதியில் வந்த இஏ கிரிக்கெட் 07ஐ விமர்சகர்கள் அப்போது பெரிதாகக் கொண்டாடவில்லை. அதன் பிறகு அந்த நிறுவனம் அந்தத் தொடரையே விட்டுவிட்டது. ஆனால் இந்திய ரசிகர்கள் அதை விடவில்லை. அணிகளையும் சீருடைகளையும் தாங்களே மாற்றி மாற்றி ஒட்டிப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். முதல் பார்வை அதன் ஆயுளைச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்த உதாரணம் இன்னும் நெருக்கமானது. நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் தொடரில் இரண்டாவது 2015இலும் மூன்றாவது 2020இலும் வந்தன. கன்சோல் வாங்க முடியாத பெரும்பான்மைக்குக் கையிலிருக்கும் போனிலேயே மட்டைவீச்சின் வகைகளைக் கொண்டுவந்து கொடுத்த தமிழ்நாட்டு உழைப்பு அது. எளிய நிலையில் அதை ஆடினால் பந்துக்குப் பந்து சிக்ஸர் அடிக்கலாம்; அது கிரிக்கெட் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கடினமான நிலையில் ஐந்து ஓவர் நின்று பார்ப்பவருக்குத்தான் அந்த விளையாட்டின் பந்துவீச்சு எவ்வளவு யோசிக்கப்பட்டது, எங்கே யோசிக்கப்படவில்லை என்பது தெரியும். அதை மெச்சுகிறவரும் குறை சொல்கிறவரும் அங்கே நின்றுதான் பேச வேண்டும்.

உழைத்துக் களைத்து வருகிறவனுக்கு விளையாட்டு தரவேண்டியது மகிழ்ச்சி. தோல்வியைப் படி என்று அவனிடம் சொல்வது கொடுமை என்றும் ஒரு குரல் எழும். அந்தக் குரலை நான் மதிக்கிறேன்; தேவாலாவைச் சுற்றிப் பார்த்தாலே அதன் நியாயம் புரியும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, இந்தக் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் விரிந்து கிடக்கின்றன. அங்கே தோட்ட வேலைக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரிவுகளுக்கு நடுவே சமநிலம் அரிது. ஒரு பேஸ்பால் களத்துக்குத் தளத்துக்குத் தளம் 90 அடியும், அடிக்கும் தட்டிலிருந்து நடுவேலிவரை நூறு மீட்டருக்கு மேலும் வேண்டும். இருக்கும் நிலமும் ஜூன் முதல் மாதக்கணக்கில் மழையில் ஊறிக் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் திரையில் இருக்கும் மைதானத்தை நிஜ மைதானத்தின் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பலருக்கு வாய்க்கக்கூடிய ஒரே பேஸ்பால் அதுவாக இருக்கலாம். அதனால்தான் அது நேர்மையாக இருக்க வேண்டும் என்கிறேன். எப்படி வீசினாலும் ஹோம் ரன் என்றால் அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் தாங்கும்? ஆறாவது முறை ஏமாந்து, ஏழாவது முறை மெதுவாக வரும் பந்துக்குப் பொறுத்திருந்து அடித்தவனுடைய மகிழ்ச்சி வேறு தரத்தது. களைத்து வந்தவனுக்கு அதைத் தரக் கூடாது என்று சொல்வதுதான் கொடுமை.

இலவசமாக இறக்கிக்கொள்ளும் போன் விளையாட்டுகள் பெருகிய பின் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிவிட்டது. பழைய காலத்து டெமோவுக்கு எல்லை இருந்தது. 1993இல் டூம் என்ற கணினி விளையாட்டு தன் முதல் பகுதியை முழுதாக இலவசமாகக் கொடுத்தது. அது முடிந்ததும், மிச்சம் வேண்டுமானால் காசு கொடு என்றது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே கோடு தெளிவாக இருந்தது. இன்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து, பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதுவும் ஒருவகையில் கோடுள்ள டெமோவே. இலவச விளையாட்டில் அந்தக் கோடு இல்லை. முதல் வாரம் முழுக்க வெற்றி, பரிசு, வாணவேடிக்கை. பிறகு ஒருநாள் எதிரணி திடீரென்று பலம் கொள்ளும். நல்ல மட்டை வேண்டுமானால் பணம் கட்டு என்று திரை கேட்கும். அங்கே தோல்வியில் படிப்பதற்கு எதுவும் வைக்கப்படவில்லை. அதன் வேலை பணப்பையைத் திறக்கவைப்பது மட்டுமே. முதல் வெற்றிகளை வைத்து மதிப்பிடும் பழக்கம் உள்ளவர் இங்கே முழுவதுமாக மாட்டிக்கொள்கிறார். முதல் தோல்வி வரட்டும் என்று காத்திருந்து, அது எதனால் வந்தது என்று கேட்பவர் தப்பிக்கிறார்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டெமோவும் பேஸ்பால் வரலாற்றில் உண்டு, அதுவும் இந்தியாவில். 2008இல் மில்லியன் டாலர் ஆர்ம் என்ற போட்டி இந்திய நகரங்களில் நடந்தது. எவ்வளவு வேகமாகவும் குறிதவறாமலும் எறிகிறாய் என்பது மட்டுமே அளவுகோல். ஈட்டி எறியப் பயின்ற உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேர்வாகி, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தமானார்கள். அதுவரை அந்த ஆட்டத்தை ஆடியிராத இருவர் சில மாதங்களில் அந்த இடத்தை எட்டியது வியப்பான சாதனை. இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை என்பதும் உண்மை. சில எறிதல்களில் வேகம் தெரியும். அடித்துத் துவைக்கப்பட்ட இன்னிங்ஸுக்குப் பிறகு மறுநாள் எப்படி வந்து நிற்பார் என்பது தெரியாது. பேட்டர் தன் பந்தைப் படித்துவிட்டார் என்று தெரிந்ததும் எதை மாற்றுவார் என்பதும் தெரியாது. ரிங்கு சிங் சிறு லீக்குகளில் பல ஆண்டுகள் நின்று, தோற்றும் தேறியும் ஆடினார். அந்த ஆண்டுகளில்தான் அவர் எறிபவர் ஆனார்.

சிறு மாதிரியின் இந்தக் குறைக்கான தீர்வு கணினிப் பேஸ்பால் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. திரையில் படம் காட்ட முடிவதற்கு முன்பே அதற்குக் கணக்கு தெரிந்திருந்தது. 1961இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற அட்டை விளையாட்டில், ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய நிஜப் பருவத்து எண்களிலிருந்து ஓர் அட்டை செய்திருந்தார்கள். பகடையை உருட்டினால் நீண்ட ஓட்டத்தில் அந்த எண்களே திரும்ப வரும். 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் பர்ஜஸன் கணினியில் பேஸ்பாலை ஓட்டினார்; 1971இல் பொமோனா கல்லூரி மாணவராக டான் டேக்லோ எழுதிய பேஸ்பால் நிரல் அந்த வழியில் வந்தது; 1987இல் அவரும் எடி டாம்ப்ரோவரும் சேர்ந்து ஏர்ல் வீவர் பேஸ்பால் என்ற விளையாட்டில் கணக்கையும் படத்தையும் இணைத்தார்கள். இந்த மரபு இன்றைய பெரிய விளையாட்டுகளுக்குள் உயிரோடு இருக்கிறது. யாரும் தொடாமலே கணினி ஒரு முழுப் பருவத்தைச் சில நிமிடங்களில் ஆடி முடித்துப் புள்ளிவிவரத்தைத் தரும்.

டெமோவிலிருந்து பெரும்பாலும் எடுத்து மறைத்துவைக்கப்படுவது இந்தப் பகுதிதான். அதைத் திறந்துவிட வேண்டும் என்பதே நிறுவனங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை. இரண்டே அணிகள் போதும். ஆனால் நடுத்தரக் கடினத்தில் ஒன்பது இன்னிங்ஸ் முழுதாக இருக்கட்டும், தோற்ற பந்துக்குப் பிறகு காரணத்தைக் காட்டும் திரை இருக்கட்டும், கணினி தானாக ஆடும் 162 ஆட்டங்களின் முடிவும் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் லீக்கின் சராசரி .240இன் பக்கத்தில் நிற்கிறதா, ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேலாக ஹோம் ரன் அடிக்கிறதா, மிகச் சிறந்த அணியும் ஐம்பது அறுபது முறை தோற்கிறதா என்று எவரும் நிமிடத்தில் பார்த்துவிடலாம். தயாரிப்பு முடியவில்லை, எண்கள் இன்னும் மாறும் என்று நிறுவனம் சொல்லலாம். மாறட்டும், டெமோவில் இருந்த எண்ணுக்கும் வெளியீட்டில் இருக்கும் எண்ணுக்கும் உள்ள தூரமும் ஒரு தகவல்தான். சென்னையில் கிரிக்கெட் விளையாட்டு செய்கிறவர்களாலும் இதைச் செய்ய முடியும். ஐம்பது ஓவர் ஆட்டம் ஆயிரத்தைக் கணினி தனக்குத்தானே ஆடி, விக்கெட் எத்தனை ஓவருக்கு ஒன்று விழுகிறது, சுழலுக்கு எத்தனை, வேகத்துக்கு எத்தனை என்று முதல் நாளிலேயே வெளியிட்டால், வாங்கப்போகிறவர் சிக்ஸர் அடித்துப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்களைப் படித்துக்கொள்வார்.